அரை மழைக்குப் பயந்த வீடு

ஐப்பசி பிறந்து நாலாம் நாள், காலை ஆறரை மணிக்கு நாகர்கோவிலில் திருநெல்வேலி பஸ் ஏறினேன். தொண்ணூறுகளின் கடைசி வருஷங்களில் ஒன்று. பையில் வெற்றிலை பாக்கும் இரண்டு சீப்பு மட்டிப்பழமும் இருந்தன. தங்கை செல்வியையும் மாப்பிள்ளையையும் தலைதீபாவளிக்கு அழைக்கப் போகிறேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. கிளம்பும்போது அம்மா மட்டும் வாசல்வரை வந்து, "அவ முகத்த நல்லா பாத்துட்டு வா மக்ளே" என்றாள். நான் போவது அதற்குத்தான். வைகாசியில் கல்யாணமாகிப் போன செல்வி, ஆடிக்கு வந்திருந்தபோது வாய் ஓயாமல் பேசினாள். புரட்டாசியிலிருந்து அவளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் அவளை மாமியார் கொடுமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டேன். கயத்தாறு வருவதற்குள் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து, எந்த அறையைக் கொடுப்பது என்பது வரை யோசித்து முடித்துவிட்டேன்.

பதினோரு மணிக்குக் கோவில்பட்டி. ஐப்பசி என்று யாரும் அந்த வெயிலுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. பஸ் நிலையத்துக்கு வெளியே அரை கிலோ கடலைமிட்டாய் வாங்கி, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பசுவந்தனை வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தேன். அந்த மிட்டாயின் ருசி கவலைப்படுகிறவனுக்கும் குறையாமல் கிடைக்கிறது. டிக்கெட் ஐந்து ரூபாய்.

"இந்தப் பக்கம் மழை இல்லையா?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"அத மட்டும் கேக்காதீய அண்ணாச்சி. எல்லாரும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கிடக்காவ."

செல்வியின் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் உழுத கரிசல் காடு, கண்ணுக்கு எட்டியவரை ஒரு பச்சை இல்லை. எங்கள் ஊரில் மழை வருஷத்தில் இரண்டு முறை வந்து, போக மனமில்லாமல் தங்கும். இங்கே இன்னும் விதைக்கவே இல்லை போலும் என்று நினைத்தேன்.

வீட்டில் மாப்பிள்ளை வேல்ச்சாமியும் அவருடைய அம்மாவும் நன்றாகத்தான் வரவேற்றார்கள். ஆனால் செல்வி ஆளே மாறியிருந்தாள். கறுத்து இளைத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. அவளுக்குப் பிடித்த மட்டிப்பழத்தைப் பார்த்தும் சிரிக்கவில்லை. வெற்றிலை பாக்கை வைத்துத் தலைதீபாவளிக்கு அழைத்தேன். மாப்பிள்ளை கண்ணை வாசல் பக்கம் வைத்துக்கொண்டே, "பாப்போம் மச்சான்" என்றார். தலைதீபாவளிக்குப் 'பாப்போம்' என்று பதில் சொன்ன மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. சாப்பாட்டின்போது மூன்று பேரும் மூன்று வார்த்தை பேசியிருந்தால் அதிகம். சோளச்சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அருமையாக இருந்தன, எனக்குத்தான் இறங்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வடக்கே இருட்டியது. காற்று குளிர்ந்து, முற்றத்தில் பட் பட்டென்று துளிகள் விழுந்தன. மண்வாசனை எழுந்தது. "ஆகா, மழை!" என்று எழுந்து ஓடி முற்றத்தில் நின்று கையை விரித்தேன். நல்ல சகுனத்தோடு வந்திருக்கிறேன் என்று ஒரு பெருமை வேறு. திரும்பிப் பார்த்தால் வீட்டில் ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு, "விழுந்தா விழு, இல்லாட்டி போ" என்று வானத்தைப் பார்த்து முனகினார். கால் மணி நேரத்தில் தூறல் நின்றுவிட்டது. செல்வி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் விழிப்பதைப் பார்த்து மாப்பிள்ளை சொன்னார்: "இங்கன மழைக்கு முந்தியே காஞ்ச புழுதில விதைச்சிருவோம் மச்சான். மழ விழுந்த பெறகு கரிசல்ல மாடும் இறங்காது, ஆளும் இறங்க முடியாது. பேஞ்சா நல்லாப் பேயணும், இல்ல பேயாமலே கெடக்கணும். இப்படி அரை மழ பேஞ்சா விதை கண்ண முழிச்சிரும். முழிச்ச பெறகு குடிக்கத் தண்ணி இல்லன்னா அவ்வளவுதான்."

"மறுபடி விதைக்க முடியாதா?"

"வீட்ல இருந்த விதை பூரா அங்கனதாண்ணே கெடக்கு" என்றாள் செல்வி. "அது போச்சுன்னா இவிய திருப்பூருக்குத்தான் வேலைக்குப் போணும்."

வரும்போது நான் பார்த்த வெறுங்காடெல்லாம் விதைத்த காடு. போன் பேச அவளுக்கு மனசில்லாமல் போனதும் அதனால்தான். மாமியார் கொடுமை என்று நான் எண்ணிக்கொண்டு வந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் குறையவில்லை. இப்போது அவர்களோடு சேர்ந்து நானும் பயந்தேன்.

மறுநாள் விடிந்ததும் மாப்பிள்ளை, செல்வி, நான் மூவரும் காட்டுக்குப் போனோம். செல்வி குத்தவைத்து உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினாள். மேலே ஈரம். ஒரு விரல்கடை இறங்கியதும் புழுதி. அதற்கும் கீழே இருந்து ஓர் உளுந்தை எடுத்து, ஊதி, பல்லில் வைத்துக் கடித்தாள். 'கடக்'கென்று சத்தம் எனக்கே கேட்டது.

"தூங்குதுண்ணே!" என்று சிரித்தாள். நான் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. நாலைந்து இடத்தில் கிளறினாள், கடித்தாள், சிரித்தாள். தணிந்த மூலையில் எடுத்த உளுந்து மட்டும் ஊறிப் பருத்திருந்தது. அதை அவள் கடிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் காட்டினாள், அவர் பார்த்துவிட்டு மேகத்தைத் தேடினார்.

விலக்குவரை வந்து வழியனுப்பும்போது சொன்னாள்: "நல்ல மழ விழுந்தா ரெண்டு பேரும் வாரோம். விழலன்னா என்னக் கூப்பிடாதீய. இவியள விட்டுட்டு நான் வரமாட்டேன்."

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கவலையோடு பகல் ஒரு மணிக்குக் கோவில்பட்டி வந்தேன். ஒரு வாய் சாப்பிட்டு வெளியே வருவதற்குள் வானம் கவிழ்ந்தது. ஒரு மணி நேரம் கொட்டியது. பஸ் நிலையத்துக்குள் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது. ஆனால் இந்தச் சீமையில் மழை ரோட்டுக்கு இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் பெய்யாமல் போகும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். திருநெல்வேலி பஸ் இரண்டை விட்டுவிட்டு, பசுவந்தனைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸுக்காக நின்றேன்.

மூன்றரை மணிக்கு அது வந்தது. நேற்றைய கண்டக்டர்தான். நான் வாயைத் திறக்கும் முன்பே கத்தினார்: "நேத்து நீங்க இறங்குன விலக்குல ஏறுன ஆளு, செருப்பக் கையில தூக்கிக்கிட்டு ஏறுதாரு அண்ணாச்சி! முட்டு வரைக்கும் கரிசல் சேறு. சிரிச்சுக்கிட்டே டிக்கெட்டு எடுக்காரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்டக்டர் அதை மழைத்தண்ணி என்று நினைத்திருக்கக்கூடும்.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"வருவாவளா மக்ளே?"

"ரெண்டு பேரும் வருவாங்கம்மா."

"அவ முகம் எப்படி இருக்கு?"

"கறுத்துப் போயிருக்கு. நல்லா இருக்கா."

அம்மா நீளமாக மூச்சு விட்டாள். பிறகு எப்போதும்போலத் தொடங்கினாள்: "நீ போனதுல இருந்து இங்க விடாம ஊத்துது. ஒரு துணி காயல்ல. சனியன் பிடிச்ச மழை, தீபாவளிக்காவது தொலையுமான்னு..."

"மழைய வையாதம்மா" என்றேன். "செல்வி வந்திருக்கும்போது அந்தப் பேச்ச எடுத்துராத."