லோரா சொன்ன "போறன்"

போன கிழமை மார்க்கம் நகரில், மகள் வீட்டில், பேரனின் பிறந்தநாள். மெழுகுதிரி உருகி மேசைவிரிப்பில் ஒட்டிவிட்டது. மகள் அதன்மேல் கடதாசியை வைத்து அயர்ன் பண்ணினாள். சூடேறிய மெழுகு மணந்ததுதான் தாமதம், கேக்கை மறந்து எழுபதுகளின் ஒரு பேஸ்மென்ற் நிலவறைக்குள் போய்விட்டேன். வீடு பற்றப் போகிறதென்றும் கொஞ்சம் பயந்தேன். அது என் வழக்கம்.

யங் தெருவில் பனிச்சறுக்குச் சாமான் விற்கிற கடை அது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அங்கே கீழே வேலை: சறுக்குப் பலகைகளின் அடியில் மெழுகை அயர்னால் உருக்கித் தேய்ப்பது. லோராவின் பலகைகளும் என்னிடந்தான் வரும். மலைச்சரிவில் கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து பாய்ந்து, கிண்ணம் கிண்ணமாக வென்றவள். கார் வேகமாகப் போனாலே கண்ணை மூடுகிற எனக்கு, அவளைக் கண்டால் கேள்வி அடங்காது.

"மேல நிக்கேக்க என்ன யோசிப்பீர்?"

"கீழ எங்க நிப்பாட்டுறது எண்டு."

வேலை முடிந்தால், முதலாளிக்கு விளங்காவிட்டாலும், "போட்டு வாறன்" என்றுதான் சொல்லிக் கிளம்புவேன். அது என்னவென்று லோரா ஒருநாள் கேட்டாள். வெறும் "போறன்" திரும்பி வராதவன் சொல்வது, அதனால் போவதோடு வருவதையும் சேர்த்துச் சொல்கிறோம் என்றேன். பிறகு ஒவ்வொரு போட்டிக்கும் பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, "போத்து வாரன்" என்று மழலையாகச் சொல்லித்தான் படியேறுவாள்.

ஒரு குளிர்காலம் அவள் விழுந்து முழங்கால் உடைந்தது. இன்னொருக்கால் விழுந்தால் நடப்பதே கஷ்டம் என்று டொக்டர் சொல்லியும் அடுத்த வருடம் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். பலகைகளை எடுக்க வந்தவள், படியேறும்போது "போறன்" என்றாள். அவ்வளவுதான்.

போட்ட சேர்ட்டோடு அவள் பின்னால் பனிக்குள் ஓடினேன்.

"வாறன் எண்டும் சொல்லும்!"

"உதுக்கோ ஜக்கெற் இல்லாமல் ஓடி வந்தனீர்?" சிரித்தாள். "மறந்து சொல்லேல்லை, தெரிஞ்சுதான் சொன்னன். இதுதான் கடைசி."

கடை ரீவியில் அந்தப் போட்டியைப் பார்த்தோம், நான் விரலிடுக்கால். அவள் வெல்லவில்லை. விழவும் இல்லை. முடிவுக்கோட்டைத் தாண்டி, பனியைக் கிளப்பிக்கொண்டு நின்றாள். குனிந்து பலகைகளைத் தானே கழற்றினாள். அவை பிறகு என் மேசைக்கு வரவேயில்லை.

கடையும் இப்போது இல்லை. அந்த இடத்தில் அண்ணாந்து பார்க்கிற கொண்டோ அடுக்குமாடி. பிறந்தநாளன்று மகள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு "போட்டு வாறன்" என்றேன். பேரன் ஃபோனைப் பார்த்தபடி இங்கிலிஷில் "பாய்" என்றான். அந்தச் சொல்லில் வருவதும் இல்லை, வராமல் விடுவதும் இல்லை. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?