பெயர் சொல்லாத ஞாயிறு

என் மாமா ஒரு கால்பந்து ஆட்டக்காரருக்காக இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். கடல்களுக்கு அப்பால் இருந்த அந்த மனிதர் விருதுநகர் என்றோர் ஊரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அதனால் மாமாவின் பற்று ஒன்றும் குறைந்துவிடவில்லை. பகல் முழுவதும் அத்தாவின், அதாவது என் தந்தையின், மிளகாய் வற்றல் மண்டியில் தும்மிக்கொண்டே வேலை பார்ப்பார். மாலையில் குளித்துவிட்டு, அந்த ஆட்டக்காரரின் எண் பொறித்த சிவப்புப் பனியனை மாட்டிக்கொண்டு, முன்னறைத் தொலைக்காட்சிக்கு எதிரே ஒரு வழிபாட்டுக்கு அமர்வதைப் போல அமர்வார்.

நான் நான்காம் வகுப்பில் படித்த அந்த ஆண்டு, எங்கள் வீட்டில் இரண்டு இழுபறிகள் ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தன. ஒன்று முன்னறையில் உரக்கப் பேசப்பட்டது. மற்றொன்று அடுப்படியில் பேசப்படாமலே கிடந்தது.

உரக்கப் பேசப்பட்டது ஆட்டக்காரரின் ஒப்பந்தம். கேட்பதை ஒப்புக்கொண்டால் கையெழுத்திடுகிறேன் என்றார் அவர். முதலில் கையெழுத்து, மற்றவை பிறகு என்றது அவருடைய அணி. இதற்கிடையில் வேறொரு நாட்டின் பெரிய அணி அவரை அழைப்பதாகச் செய்திகள் வந்தன.

பேசப்படாதது என் சின்னம்மாவின் வாழ்க்கை. அவர் அம்மாவுக்குத் தங்கை, மாமாவுக்கு அக்கா. சிவகாசியில் காலண்டர் தயாரிக்கும் ஒரு கூட்டுக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். முந்தைய சீசனில், வயிற்றில் ஏழாம் மாதம் நடக்கும்போதும் காலண்டர் கட்டுகளைத் தூக்க வேண்டியிருந்தது. பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவருடைய கணவரான சின்னத்தா உட்பட. சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தனி வீடு பார்க்க வேண்டும், அழைத்துப் போகச் சின்னத்தாவே நேரில் வர வேண்டும். இவற்றைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை. முதலில் வந்து சேரட்டும், வீட்டைப் பிறகு பார்க்கலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. ஜமாத்துப் பெரியவர்கள் வந்து தேநீர் அருந்திவிட்டுப் போனார்கள். அம்மா தங்கையின் உறுதிக்குத் திமிர் என்று பெயர் வைத்தார். அத்தா ஒன்றுமே சொல்லவில்லை. அக்காள் கணவரின் அந்த மௌனத்துக்குக் கீழே மாதக்கணக்கில் சோறு உண்பது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

மண்டி மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மாமாவின் நண்பர்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் ரயில் நிலையத்துக்கு அருகில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். உலகச் செய்திகள் அவர் வழியாகத்தான் எங்கள் தெருவுக்குள் நுழையும். மற்றவர் எண்ணெய்க்கடைக்காரர். எதிரணியின் ரசிகர். மாமாவைச் சீண்டுவதற்காகவே எதிரணியைத் தேர்ந்தெடுத்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நான் வாசற்படியில் அமர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். சின்னம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டக்காரர் போவது உறுதி என்று பிரவுசிங் சென்டர்க்காரர் சொன்னதும் மாமா எழுந்து நின்றார்.

“இனிமே அந்தப் பேர இந்த வீட்ல ஒருத்தரும் சொல்லக் கூடாதுலே. சொன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

“சரி மாப்ள, புருசன் பேரச் சொல்லாத பொண்டாட்டியாட்டம் ‘அவுக’ன்னே சொல்லிக்கிருவோம்,” என்றார் எண்ணெய்க்கடைக்காரர். “ஏன், அவுகளும் இப்ப புது மாப்பிள்ளைதான!”

அன்று முழுவதும் அந்த ஆட்டக்காரர் ‘அவுக’ ஆனார். எங்கள் ஊர்ப் பேச்சில் அந்தச் சொல் ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும், மதிப்பையும் குறிக்கும், கேலியையும் குறிக்கும். சின்னம்மாவின் வாயில் மட்டும் அதற்கு ஒரே பொருள்தான். மணமான நாளிலிருந்து சின்னத்தாவை அவர் வேறு எப்படியும் குறிப்பிட்டதில்லை.

சற்று நேரம் கழித்துச் சின்னம்மா தேநீரோடு முன்னறைத் திரைக்குப் பின்னால் வந்து நின்றார். ஆண்கள் இருக்கும் அறைக்குள் அவர் வருவதில்லை. தட்டை வாங்கிப் போக நான் எழுந்து வந்தேன். உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

“அவுக இனி திரும்ப மாட்டாக. வேற எடத்துல பேசி முடிச்சாச்சு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை போடுறாகளாம்.”

“அங்கன பந்தலே போட்டிருப்பாக! அள்ளிக் குடுக்குற எடமுல்ல!”

“காத்துக் கெடக்குறவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல பாருலே,” என்றார் மாமா. அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது.

நான் தட்டை உள்ளே கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனபோது, சின்னம்மா அடுப்பை அணைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

“நெசமாவா சொல்றாக?”

“ஆமா சின்னம்மா. அதான் மாமா ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொன்னா அம்மா மாமாவத்தான் திட்டுவாக.”

பந்தாட்டப் பேச்சு அம்மாவுக்குப் பிடிக்காது என்பதைத்தான் நான் சொன்னேன்.

நண்பர்கள் போன பிறகு, சின்னம்மா மாமாவுக்குச் சோறு பரிமாறினார். மாமா பிசைந்துகொண்டே இருந்தார்.

“சாப்புடுலே. போறவுகள நெனச்சு நீ ஏன் வயித்தக் காயப் போடுற?”

“மனசு கேக்க மாட்டேங்குதுக்கா. அவுக இப்படிச் செய்வாகன்னு நெனைக்கல.”

“நானுந்தான் நெனைக்கல.” குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார், “கையெழுத்துப் போடுறதுக்குள்ள மனசு மாறாதா?”

தன் துயரத்தில் பங்கெடுக்க வீட்டில் ஒருவராவது இருக்கிறாரே என்று மாமாவுக்கு ஆறுதலாகி இருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார். “யாராச்சும் நேர்ல போயி கால்ல விழுந்தாத்தான்க்கா உண்டு.”

சின்னம்மா அவர் தலையில் கை வைத்து, இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார். அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் அவ்வளவு கனிவாகத் தேற்றி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒருவர் வெளிநாட்டு ஆட்டக்காரரைப் பற்றியும் மற்றவர், இன்னொரு நிக்காஹுக்குக் கையெழுத்திடப் போகிறார் என்று எண்ணி, சிவகாசியில் இருக்கும் கணவரைப் பற்றியும் பேசினார்கள் என்பது, எதிரே அமர்ந்து அப்பளம் தின்றுகொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சின்னம்மா தம் பையைக் கட்டிவிட்டார். வந்து அழைக்க ஆள் இல்லை, தனி வீடு இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அம்மாவுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் காரணம் விசாரிக்கத் தோன்றவில்லை. தங்கைக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். அத்தா பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினார், நல்லபடியாகப் போய்வரச் சொல்லி. மாமாதான் பேருந்து நிலையத்தில் தயங்கி நின்றார்.

“அவரு வந்து கூப்பிடாம நீங்களாப் போறீகளேக்கா?”

“யாராச்சும் ஒருத்தர் போகணும்லடா,” என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா சன்னலோரம் உட்கார்ந்தார். பேருந்து புறப்படும்போது என்னைப் பார்த்து, மாமாவைச் சாப்பிடச் சொல் என்று சைகை காட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை யாரும் எங்கும் கையெழுத்திடவில்லை. வதந்தி அடங்கிச் சில வாரங்கள் கழித்து, ஆட்டக்காரர் தம் பழைய அணியிலேயே தொடர்வதாகச் செய்தி வந்தது. அவர் கேட்ட எல்லாவற்றையும் அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர் போய்விடுவார் என்று பந்தயம் கட்டித் தோற்ற எண்ணெய்க்கடைக்காரர் சாத்தூர்க் காராச்சேவு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்தார். பிடிவாதம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று முன்னறையில் ஒரு மாலை முழுவதும் ஆட்டக்காரரைப் புகழ்ந்தார்கள். அம்மாகூடத் திரைக்குப் பின்னால் நின்று ஆமோதித்தார்.

காலாண்டு விடுமுறையில் அம்மா என்னைச் சிவகாசிக்கு அழைத்துப் போனார். சின்னம்மா அதே வீட்டின் பின்கட்டில், அடுக்கி வைத்த காலண்டர்களுக்கு நடுவே அமர்ந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சின்னத்தா எப்போதும் போலவே இருந்தார். தனி வீட்டைப் பற்றிய பேச்சு, சின்னம்மா தாமே வாசலில் வந்து இறங்கிய அன்றோடு முடிந்து போயிருந்தது. ஆனால் அவர் முகத்தில் குறையொன்றும் எனக்குத் தெரியவில்லை. எதையோ இழக்காமல் தடுத்துவிட்டவரின் அமைதிதான் இருந்தது.

“உங்க மாமன் இப்ப ஒழுங்காச் சாப்பிடுறானா?”

“நல்லாச் சாப்பிடுறாக சின்னம்மா. அவுகதான் போகலையே.”

“ஆமா, போகல,” என்று சிரித்தார். “நான்தான் வந்துட்டேன்ல.”

எனக்கு அந்தக் கணக்குப் புரியவில்லை. “நீங்க வந்ததுக்கும் அதுக்கும் என்ன? கேட்டதெல்லாம் குடுத்துட்டாக, அதான் அவுக அங்கனயே வெளையாடுறாக. போட்டோவோட பேப்பர்ல போட்டிருந்துச்சே.”

“வெளையாடுறாகளா?”

“பந்துதான். மாமா டிவியில பாப்பாகல்ல, அந்தச் செவப்புப் பனியன்காரவுக. அவுகளுக்காகத்தான மாமா அன்னைக்கு அழுதாக.”

சின்னம்மாவின் கைகள் சணலைப் பிடித்தபடியே நின்றன. உள்ளேயிருந்து அவருடைய பெரிய ஓரகத்தி, லோடு ஏற்ற வண்டி வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். சின்னம்மா முடிச்சைப் போட்டார், அவிழ்த்தார், மீண்டும் போட்டார்.

“கேட்டதெல்லாம் குடுத்துட்டாகளா?”

“எல்லாமே குடுத்துட்டாகளாம்.”

“நல்லா இருக்கட்டும்,” என்றார்.

பிறகு கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டவர், இரண்டடி போய்த் திரும்பி, “நான் இதக் கேட்டேன்னு மாமாட்ட சொல்லிராதம்மா,” என்றார். நான் தலையாட்டினேன். பெரிய மனுஷி ஒருத்தி பந்து விளையாட்டில் ஆசை வைத்ததற்கு வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அந்த ரகசியத்தைச் சந்தோஷமாகக் காப்பாற்றினேன்.