மறுபடி ஏ.எல். எழுதிய வருஷம்

தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தால் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயக் காம்பராவில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அடுப்புப் புகை வெளியே போகாமல் கண்ணைக் கரிக்கும். அதற்குள் கட்டிலில் உட்கார்ந்து புவியியல் படிக்கப் பார்த்த நாட்கள் இன்று காலையிலிருந்து ஞாபகத்தில் வந்துகொண்டே இருக்கின்றன...

வட்டவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். முதல் தடவை எழுதிய ஏ.எல். பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் கெம்பஸ் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை எழுதுகிறவர்களுக்கு ஸ்கூல் இல்லை, மணி அடிக்க ஆள் இல்லை. முழு நாளும் நம் கையில்.

அதுதான் பெரிய தொல்லை.

டைம் டேபிள் போடுவதில் மட்டும் நான் கெட்டிக்காரி. கலர் பேனாவில் கட்டம் கட்டமாகப் போட்டுச் சுவரில் ஒட்டுவேன். விடிகாலையில் அரசியல் விஞ்ஞானம் என்று இருக்கும். அந்த நேரம்தான் அம்மா கொழுந்தெடுக்கப் போக அவசரப்படுவார். தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும். ஒரு கட்டம் தவறினால் அன்றைய நாளே போய்விட்டதாகத் தோன்றும். எழும்புவேன், உட்காருவேன், வாசலுக்குப் போவேன், போனைப் பார்ப்பேன்...

அடுத்த வாரம் புது டைம் டேபிள்.

அம்மா திட்டவில்லை. ஒரு நாள் மட்டும் சொன்னார். "இந்தத் தடவையும் சரிவரலன்னா சித்திகூட கொழும்புக்குப் போயிரு. துணிக்கடையில வேல இருக்காம்."

அதற்குப் பிறகு படுத்தாலும் துணிக்கடை ஞாபகம்தான் வந்தது.

பழைய வருஷத்துப் பாஸ்ட் பேப்பர் வாங்க ஹட்டனில் ரிஸ்வானாவைத் தேடிப் போனேன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், அவளும் மறுபடி எழுதுகிறாள். பகலில் வாப்பாவின் செருப்புக் கடையில் அவள்தான் நிற்பாள். ஆள் வந்தால் பெட்டிகளை இறக்கிக் காட்டினாள். ஆள் போனதும் விட்ட வரியிலிருந்து எழுதினாள்.

"எந்த நேரம் எந்தப் பாடம்னு எப்படிடி பிரிக்கிற?"

"மணியே பாக்குறதில்லடி. ஒரு கேள்விய எடுத்தா அத முடிக்காம அடுத்தத தொட மாட்டேன். நடுவுல ஆள் வந்தா வரட்டும். என் போன மட்டும் வாப்பாகிட்ட குடுத்துருவேன்."

வீட்டுக்கு வந்து சுவரில் இருந்ததைக் கிழித்தேன். தண்ணீருக்குப் போகும் முன் ஒரு கேள்வி. சோறு வேகும்போது ஒன்று. ஓரிடத்தில் நிற்காத கால்களை அவற்றின் போக்கில் விட்டேன். தேயிலைக்கு நடுவே போகும் ரோட்டில் நடந்துகொண்டே பதிலை வாய்விட்டுச் சொல்வேன், திரும்பி வந்து எழுதுவேன். மலையில் வேலையை மேற்பார்வையிடும் கண்டாக்கு ஐயா அம்மாவை நிறுத்திக் கேட்டாராம், "ஒம் மகளுக்கு ஏதும் சொகமில்லையா? தனியா பேசிக்கிட்டுப் போகுது."

"பரீட்சைங்க ஐயா" என்றிருக்கிறார் அம்மா.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சித்தி வந்தார். நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் பேசியது நன்றாகக் கேட்டது.

"இப்பவே ஆள் கேக்குறாங்கக்கா. விட்டா வேற யாரையாவது எடுத்துருவாங்க. கூட்டிட்டுப் போறேன்."

அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று தெரியவில்லை.

"அவ எழுதிக்கிட்டு இருக்கா. முடிச்சிட்டு வரட்டும். அவகிட்டயே கேளு."

அந்தப் பதிலில் என்ன எழுதினேனோ... ஆனால் முடித்துவிட்டுத்தான் வெளியே போனேன்.

"நான் வரல சித்தி. எழுதிட்டுப் பாப்போம்."

சித்தி டீயைக் குடித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார்.

எனக்குக் கெம்பஸ் கிடைத்தது. ரிஸ்வானாவுக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டது. அவளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் வீட்டுக்கும் ரோட்டுக்குமாக அலைந்தேன். கடைசியில் அவளே எனக்குப் போன் எடுத்தாள். "நீ போடி. நான் கடையில இருந்தே எக்ஸ்டர்னல் டிகிரி செய்றேன்." சொன்னபடியே செய்தாள். இப்போது டீச்சர்.

நான் நுவரெலியாவில் ஒரு ஆபிஸில் இருக்கிறேன். பதவி உயர்வுக்கு ஒரு பரீட்சை வருகிறது. வாடகை அறையில் நல்ல மேசை இருக்கிறது, மூடினால் மூடும் கதவு இருக்கிறது. நேரம் பார்த்துப் படிக்கவைக்க போனில் ஆப் கூட இருக்கிறது.

அந்த நாட்களில் தம்பி கூப்பிடுவான், பக்கத்துக் காம்பரா அக்கா உப்பு கேட்டு வருவார், எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். இப்போது யாரும் குறுக்கே வருவதில்லை...

நான்தான் எழும்பி எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன்.