அடுத்த வீட்டு டிரைவ்வே

அமெரிக்காவின் சுகர் லேண்டில் நசீமா சனிக்கிழமைதோறும், வாசலில் கார் நிறுத்தும் தன் டிரைவ்வேயோடு பக்கத்து வீட்டுப் பிச்சுமணியின் டிரைவ்வேயையும் பெருக்கிவிடுவாள்.

"அதுக்கு ஆள் வெச்சிருக்கேன்மா!" என்று அவர் சிடுசிடுப்பார்.

"பழகிடுச்சு அங்கிள். பெல்ஜியத்துல நாங்க இருந்த ஊர் அப்படி."

முதல் உலகப் போரில் தரைமட்டமான சின்ன ஃப்ளெமிஷ் கிராமம் அது. எந்தச் செங்கல் யாருடையது என்று தெரியாமல் எல்லாரும் சேர்ந்தே அள்ளினார்களாம். அன்றிலிருந்து அடுத்த வீட்டு வாசலையும் சேர்த்தே பெருக்குகிறார்கள். அதிகம் பேசமாட்டார்கள். ஆனால் ஒருவர் பெருக்க வராவிட்டால் போய்க் கதவைத் தட்டுவார்கள். இதையும் அவரிடம் சொல்லியிருந்தாள்.

போன சனிக்கிழமை நசீமா காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அவள் டிரைவ்வேயில் சருகுகளை ஊதித் தள்ளும் லீஃப் ப்ளோயர் ஒன்று இரைந்து ஓய்ந்தது. பிறகு, காலிங் பெல் இருந்தும், யாரோ கதவைத் தட்டினார்கள்.

"நான்தாம்மா, பிச்சுமணி. பெருக்க வரலையே நீ?"