உறுமி எட்டாத இடம்

கிள்ளான் நகரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. இந்த வகைக்குப் புத்தக அலமாரி ஸ்பீக்கர் என்று பெயர். பெயரை நம்பி, வாங்கிய புதிதில் ஒரு தட்டுப் புத்தகங்களை இறக்கிவிட்டு இவற்றை அங்கே ஏற்றினேன். பிறகுதான், இவற்றை அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் இணையத்தில் கெஞ்சியிருப்பதைப் படித்தேன். ஸ்பீக்கர்கள் தனித் தாங்கிகளுக்குப் போய்விட்டன. புத்தகங்கள் இன்னும் கட்டிலுக்கு அடியில்.

பாட்டு நன்றாகத்தான் கேட்டது. வீணை வந்தது, வயலின் வந்தது, பாடகர் மூச்சிழுப்பதுகூட வந்தது. மிருதங்கத்துக்கு மட்டும் கணீரென்ற வலந்தலை உண்டு, கும்மென்று அடிச்சத்தம் தரும் இடப்பக்கத் தொப்பி கிடையாது. படம் போட்டால் வெடிகுண்டு அப்பளம்போல நொறுங்கும். அதற்கு மருந்து சப்வூஃபர் என்றார்கள். அடிச்சத்தத்தை மட்டும் எழுப்பும் ஒற்றைப் பெட்டி. சுபாங் ஜெயாவில் வீடு மாறும் ஒருவர் தம்முடையதை விற்கிறார் என்று தெரிந்ததும் நானும் மனைவியும் போனோம்.

"சின்ன ஸ்பீக்கரு மேல்சத்தத்த பாத்துக்கும், அடிச்சத்தம் பூரா இதுக்கு. எண்பதுல வெட்டிருங்கண்ணே, ரெண்டும் சண்ட போடாது," என்றார் அவர்.

எண்பது என்பது அதிர்வெண். அதற்குக் கீழே உள்ளது பெட்டியின் பொறுப்பு, மேலே உள்ளது ஸ்பீக்கர்களின் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் இவ்வளவு சுமுகமான பாகப்பிரிவினை இதற்குமுன் நடந்ததில்லை.

பெட்டி காரின் பின்பக்கத்தில் நுழையவில்லை. முன் இருக்கையில் உட்காரவைத்து பெல்ட்டும் மாட்டினேன். மனைவி பின்னால் போக வேண்டியதாயிற்று.

"என்னங்க, எனக்கு ஒருநாளாச்சும் பெல்ட் மாட்டி விட்டிருக்கீங்களா?"

"நீ உருள மாட்டியே."



இணைப்பது சுலபம். ஒரே கம்பி. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் சப்வூஃபருக்கென்று இருக்கும் துளையில் ஒரு முனை, பெட்டியில் மறுமுனை. டிவிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, எண்பதில் வெட்டி, சோபாவில் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். முன்னறையின் சரிபாதியில் கிடக்கும் சோபா அது. அதற்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை. ஒரு கோயில் திருவிழாவில் பதிவான உறுமி மேளத்தைப் போட்டேன். உறுமி அடிவயிற்றைக் கலக்கும் வாத்தியம். என் வயிறு சாந்தமாக இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.

"ஐயோ, குறைங்கலா! சட்டி மூடியெல்லாம் குதிக்குது!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"எங்க? ஒண்ணுமே வரலையே."

"இதுவா வரல? சாமி மேடைய பாருங்க!"

பார்த்தேன். சுவரோரச் சாமி மேடையில் விளக்குச் சுடர் நடுங்கிக்கொண்டிருந்தது. பித்தளை மணி தட்டோடு உரசித் துடித்தது. வீடே உறுமி கேட்டு அருள்வந்து ஆடுகிறது. கேட்காதவன் நான் ஒருவன். ரிமோட்டை அமுக்கி நிறுத்தினேன்.

அடுத்தடுத்த மாலைகளிலும் இதே கதை. சோபாவில் உட்கார்ந்து போடுவேன், அவள் கத்துவாள், உட்கார்ந்தபடியே நிறுத்துவேன்.

என் அப்பாவுக்கு ஏறக்குறைய என் வயதில்தான் காது போனது. ரயில்வேயில் இருந்தவர், ரயில் சத்தம்தான் காரணம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். கேட்காததை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் சிரிப்பார். கல்யாணச் செய்திக்கும் அதே சிரிப்பு, சாவுச் செய்திக்கும் அதே சிரிப்பு. அது என் முகத்திலும் வந்து உட்காரப்போகிறதோ என்று பயந்தேன். பயந்தவன் செய்யக்கூடாத காரியத்தையும் செய்தேன். இணையத்தில் தேடினேன். வயதானால் முதலில் போவது மேல் ஸ்தாயியாம். கீழ் ஸ்தாயி முதலில் போனால் வேறு ஏதாவது இருக்கலாமாம். அன்று தூங்கப் போவதற்குள் அந்த 'வேறு ஏதாவது' எல்லாமே எனக்கு இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு காது டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு அவளே நேரம் வாங்கினாள்.

அதன்பிறகு வீட்டில் ராஜ மரியாதை. எதிரே வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, "டீ... குடிக்... கிறீங்களா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். குப்பையை வெளியே வைக்கச் சொல்வதில்லை. அவள் சொன்னதெல்லாம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. அதை இருவருமே சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. கிலி பிடித்த வீட்டில் சாட்சிக்கு மதிப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறி முடித்ததும் அவள் ரிமோட்டை எடுத்தாள்.

"எவ்ளோ சத்தத்துல கேக்குதுன்னு டாக்டர் கேட்டா என்ன சொல்லப் போறீங்க? கிச்சன்ல போய் நில்லுங்க. நான் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுறேன். கேட்டா கை தட்டுங்க."

"கிச்சன்ல ஏன்?"

"அங்கதான் நல்லா கேக்கும். அங்கயே கேக்கலைன்னா..." என்று நிறுத்திவிட்டாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் முன்னறையில் என் இடத்தில் உட்கார்ந்தாள். முதலில் சட்டி மூடி சிணுங்கியது. பிறகு உள்ளங்கால் அதிர்ந்தது. பிறகு உறுமி வயிற்றுக்குள் இறங்கியது. பல நாள் கழித்து வீடு திரும்பிய ஆளைப்போல நேராக உள்ளே வந்தது. கை தட்டவேண்டும் என்பது மறந்துபோய்க் கத்தினேன்.

"கேக்குது! கேக்குது!"

"என்ன கேக்குது? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, எனக்கும் போயிருச்சா?"

"எந்திரி."

எழுந்தாள். சமையலறைப் பக்கம் நாலடி வைத்தாள். நின்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"உக்காந்தா இல்ல. நடந்தா இருக்கு."

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நானும்தான். நான் உட்கார, அவள் எழ, அவள் உட்கார, நான் எழ, மூச்சு வாங்கும்வரை அந்தச் சோபாவைப் படுத்தி எடுத்தோம்.

விளக்கம் பிற்பாடு படித்ததுதான். அடிச்சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். போகிற அலையும் வருகிற அலையும் அறையின் நடுவில் ஒன்றையொன்று தின்றுவிடும். இருவர் சேர்ந்து கத்தினால் இருமடங்கு சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். சரியான இடத்தில் சந்தித்தால் மௌனமாம். எங்கள் வீட்டில் அந்த இடத்தின்மேல் சோபா போட்டிருக்கிறோம்.

அதற்குப் பரிகாரமும் எழுதியிருந்தார்கள். சோபாவைச் சற்றுப் பின்னால் தள்ளு. பெட்டியை நீ உட்காரும் இடத்தில் ஏற்றி வை. பாட்டைப் போட்டுவிட்டு அறை முழுதும் தவழ்ந்து போ. அடிச்சத்தம் எங்கே அழகாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை இறக்கு. அன்று சாயங்காலம் பெட்டி சோபாவில் கால்நீட்டி இருக்க, நான் சுவரோரமாக நாலுகாலில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆன்டி கையில் உளுந்து வடையோடு வாசல் கேட்டுக்கு வெளியே நிற்பதை நான் கவனிக்கவில்லை.

"என்ன, அங்கிளுக்கு வேண்டுதலா?"

"ஆமா ஆன்டி. காதுக்கு," என்றாள் மனைவி.

"எந்தக் கோயில் சாமி?"

"சுபாங் ஜெயாவுலேர்ந்து வந்துச்சு."

ஆன்டி சோபாவில் இருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். வடையைக் கொடுத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தபடி போனார்.

பெட்டிக்கு இடம் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கிடைத்தது. மிருதங்கத்துக்குத் தொப்பி வந்தது. சாமி மேடை மணி அடங்கியது.

இனி டாக்டர் எதற்கு என்றேன். வாங்கிய நேரத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றாள். அவளுக்குச் சோபா சொன்னது போதாது போலிருக்கிறது. திங்கட்கிழமை போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கொசு முனகல் முதல் லோரி உறுமல்வரை போட்டுப் பார்த்தார்கள். அத்தனைக்கும் பொத்தானை அமுக்கினேன். கொசுவில் ஒன்றிரண்டு தப்பியது.

"உங்க வயசுக்கு நல்ல காது. கேக்கலைன்னு யார் சொன்னா?" என்றார் டாக்டர்.

"சோபா, டாக்டர்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பு என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

காரில் முன் இருக்கை அவளுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. எட்டி, பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன்.

"நான் உருள மாட்டேன்லா," என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும், ஜன்னல் பக்கம் திரும்பியபடி, எனக்கென்று இல்லாததுபோல மிகமிக மெல்லச் சொன்னாள்:

"அடுப்புக்கு கேஸ் முடிஞ்சிருச்சு. குப்பையும் நாலு நாளா அங்கயே இருக்கு."

பரிசோதனை முடிவு அவள் கைப்பையில் இருந்தது.

"கேட்டுச்சு," என்றேன்.