தரை பொங்கிய ஊர்

எங்கள் வீடு இனயத்தில் கடலுக்கு மூன்றாவது வரிசையில் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்குள் அது முதல் வரிசைக்கு வந்துவிட்டது. வீடு நகரவில்லை, முன்னால் இருந்த இரண்டு வரிசையையும் கடல் கொண்டுபோயிருந்தது. ஆடி பிறந்தால் அம்மா துணிமணியை மூட்டை கட்டி வாசலிலேயே வைத்துவிடுவாள்.

அப்படி ஓர் ஆடியில்தான் சித்தி வீடியோ காலில் வந்தாள். இத்தாலியில் ஒரு துறைமுக ஊரில், படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவி ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. போனைத் திருப்பித் துறைமுகத்தைக் காட்டினாள். மிதக்க வேண்டிய படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. படகு கட்டும் சுவரில் சிப்பி ஒட்டியிருந்த கோடு, தண்ணீருக்கு மேலே என் உயரத்தில் தெரிந்தது.

"கடலு வத்திப் போச்சா சித்தி?"

"இல்ல மக்கா. கடலு அங்கனயேதான் கெடக்கு. தரையாக்கும் பொங்கி மேல வருது."

கடல் தரையைத் தின்னும் என்றுதான் தெரியும். தரை எழும்பிக் கடலைத் தள்ளிவிடும் என்று யாரும் சொன்னதில்லை. உலகத்தில் இப்படியும் ஓர் ஊரா! அம்மா போனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். "கெளவிய விட்டுட்டு நான் எப்பிடிக்கா வாறது?" என்று சித்தி கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அம்மாவும் நானும் தெருமுனையில் அந்தோனியார் சிலை வைத்திருந்த கெபிக்குப் போனோம். நேர்ச்சையை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அம்மா முழங்காலில் நின்று ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். நானும் ஒன்று ஏற்றி, சித்தி ஊர்த் தரையைப் போல எங்கள் தரையும் பொங்க வேண்டும், அங்கேயும் இன்னும் நன்றாகப் பொங்கட்டும் என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பெருமை தாங்காமல் உளறிவிட்டேன். அம்மா நடுரோட்டில் நின்றாள்.

"ஏட்டி, என்னத்தட்டி கேட்ட?"

முதுகில் ஒன்று விழுந்தது. சொன்னால் பலிக்காது என்பதை நம்பிக்கூட அவள் சும்மா இருக்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கெபிக்குத் திரும்பி, எரிந்துகொண்டிருந்த என் திரியை ஊதி அணைத்தாள். புனிதர் முன்னால் அப்படிச் செய்தவர்களை நான் வேறு கண்டதில்லை.

அந்த ஊர் ஓர் எரிமலையின் அகன்ற வாய்க்குள்ளேயே இருக்கிறது, அடியில் குமுறுவது வெளியேற வழி தேடும்போதுதான் தரை அப்படி வீங்குகிறது என்பதெல்லாம் பிளஸ் டூ படிக்கையில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று வழிநெடுக அழுதேன். அடி வலித்து அல்ல. எங்கள் வீடு கடலில் போனால் போகட்டும் என்று அம்மாவே நினைக்கிறாளே என்றுதான்.