நடந்து வந்த லத்தீபா

கீழக்கரையில் லத்தீபா என்றால் எந்த லத்தீபா என்பார்கள். "நடந்து வந்த லத்தீபா" என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். நடந்து வருவதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் அந்தக் காலத்துக் கீழக்கரையை அறியாதவர்கள். அங்கே ஆண்களுக்குத் தெரு, பெண்களுக்குச் சந்து. வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சந்து சந்தாகப் போய்த்தான் கல்யாண வீட்டிலும் மௌத்து வீட்டிலும் தலைகாட்டுவார்கள். நாற்பது வயதுவரை லத்தீபா கடைத்தெருவைக் கண்ணால் கண்டதில்லை. அவளுக்கு நடை பழக்கிய புண்ணியவான் அவள் புருஷன் சதக்கத்துல்லா. அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சதக்கத்துல்லா அவளுக்கு மாமி மகன். பினாங்கில் ஜவுளிக்கடை. எப்போதாவது ஊருக்கு வருவார், தேங்காய்ப்பாலில் கிண்டிய ஊர்த் தொதலை மூக்குமுட்டத் தின்பார், கப்பலேறிப் போய்விடுவார். ஐம்பத்து நான்காம் வருஷம் வந்தபோது ஆள் ஊதிப்போயிருந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இராமநாதபுரத்து டாக்டர் சர்க்கரை வியாதி என்றார். இனிப்பைக் கையால் தொடக்கூடாது, தினமும் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் அப்புறம் என்னிடம் வராதீர்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி லத்தீபாவுக்கென்று இருப்பது இந்த மனுஷன் ஒருத்தர்தான். "என் ஹயாத்தை, என் ஆயுசை எடுத்து அவருக்குக் குடு ரப்பே" என்று தொழுத பாயிலேயே கிடந்து அழுதாள்.

அப்போதுதான் அவர் அந்தப் பேச்சை எடுத்தார். "லத்தீபா, இந்தத் தடவை நீயும் கப்பலுக்கு வாரியா? உன்னை நான் எங்கிட்டும் கூட்டிப்போனதில்ல. நாலு ஊரைச் சுத்திப் பாத்துட்டு வருவோம். நீ கூட இருந்தா என் உடம்பும் தேறும்."

அவள் பூரித்துப்போனாள். வெந்தயம், சுக்கு, கேப்பை மாவு, நார்த்தங்காய் ஊறுகாய் என்று ஒரு பெட்டி நிறையக் கட்டினாள். பக்கத்து வீட்டுச் சுலைகா, "கப்பல்ல தின்ன வச்சே கொன்னுபுடுவான் லாத்தா. போனவுக எல்லாம் ஒரு சுத்துப் பெருத்துத்தான் எறங்குறாக" என்று பயமுறுத்தினாள். "இவரை எளைக்க வச்சு எறக்குறேன் பாரு" என்று லத்தீபா சவால் விட்டாள்.

நாகப்பட்டினத்தில் ஏறினார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் முதலில் லத்தீபாவே குடல் வெளியே வர வாந்தி எடுத்தாள். நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். படுத்துக் கிடந்தால் இவரை யார் பார்ப்பது? சாப்பாட்டு மணி அடித்தால் வெண்ணெய் ரொட்டியும் ஆட்டுக்கறியும் முட்டைப் புட்டுமாக மேசை நிறைந்துவிடும். அவள் கப்பல் சமையல்காரனிடம் சொல்லிக் கேப்பைக் கூழ் காய்ச்சி வாங்கினாள். விடிந்ததும் ஊறவைத்த வெந்தயத்தைத் தின்னக் கொடுத்தாள்.

நடக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "தனியா நடக்க எனக்கு ஒப்பாது. நீ கூட வா" என்றார்.

"அத்தனை ஆம்பளைக பாக்கவா? என்ன மச்சான் பேசுறீங்க!"

"அப்ப விடு. படுத்தே கெடக்கேன்."

என்ன செய்வாள் பாவம்! மேல்தட்டுக்கு ஏறினாள். கடற்காற்று துப்பட்டியைப் பிடித்து இழுத்தது. ஊர் உலகத்து ஆண்களெல்லாம் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் காலையும் மாலையும் அவர் முன்னால் போக, இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். "இன்னும் ஒரு சுத்து மச்சான், எனக்காக ஒரே ஒரு சுத்து" என்று கெஞ்சினாள்.

ஆச்சரியம் என்னவென்றால் அவர் சொன்னபடி கேட்டார். மகள் கட்டிக்கொடுத்த தொதலைத் தாமாகவே எடுத்து மாலுமிகளுக்குக் கொடுத்துவிட்டார். தொதலைப் பார்த்தால் தொழுகையை மறக்கிற மனுஷன்! லத்தீபாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. நம் பேச்சுக்கு இத்தனை மதிப்பா என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

வயிறு வற்றத் தொடங்கியது. பட்டு ஜிப்பாவைக் கொண்டுவந்து, "தொளதொளன்னு இருக்கு, பக்கத்தைப் பிடிச்சுத் தை" என்றார். ஆடுகிற கப்பலில் விரலைக் குத்திக்கொண்டே தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவர் மேல்தட்டுக்குப் போனபோது, கூத்தையா என்ற தோட்டத்துக் கங்காணி, "என்ன பாய், புது மாப்பிள்ளை கெட்டார் போங்க!" என்று கேலி செய்தார். சதக்கத்துல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கப்படுகிறார் என்று லத்தீபா சிரித்தாள்.

பினாங்கில் இறங்கிய மறுவாரம், சிநேகிதர் வீட்டுக் கல்யாணம் என்று கூட்டிப்போனார். அவர் அந்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு ஆண்களோடு பள்ளிவாசலுக்குப் போனார். லத்தீபா பெண்களோடு உள்கட்டில் உட்கார்ந்தாள். நிக்காஹ் முடிந்தது என்று சேதி வந்து குலவை இட்டார்கள். அவளும் வாய் நிறையக் குலவை இட்டாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். அதற்குள் கல்யாணப் பெண்ணைப் பெற்றவள் வந்து லத்தீபாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்க மனசு யாருக்கு வரும் லாத்தா? சீக்காளிக்குப் பொண்ணு தர மாட்டேன்னு எம்மக வாப்பா ஒத்தைக்கால்ல நின்னாக. நீங்கதான் அவரைத் தேத்திக் கூட்டியாந்தீங்க. முன்னால நின்னு நடத்தியும் குடுத்துட்டீங்க."

மாப்பிள்ளை தன் புருஷனேதான் என்று லத்தீபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் சம்மதத்தோடுதான் நடக்கிறது என்று நம்பி இந்தத் தாயும் ஏமாந்திருக்கிறாள் என்று புரிந்தது. அலங்கரித்து உட்காரவைத்த பெண்ணைப் பார்த்தாள். தன் மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். வாய்க்கு வந்ததைக் கத்தலாம். நிக்காஹ் முடிந்த பிறகு கத்தி என்ன? அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? எழுந்து வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சதக்கத்துல்லா அவள் முன்னால் வந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மார்க்கத்துல இதுக்கு இடம் இருக்கு லத்தீபா."

"இருக்கட்டும். பொய் சொல்லிக் கப்பலேத்தி, என் கையாலயே உங்களை மாப்பிள்ளையாக்கிக்கச் சொல்லி எந்த மார்க்கத்துல இருக்கு? அல்லாவுக்கு அடுத்தபடியா உங்களை நம்புனேனே!"

அடுத்த கப்பலில், ஊருக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தோடு லத்தீபா ஏறிவிட்டாள். திரும்பும்போதும் மேல்தட்டில் நடந்தாள். உட்கார்ந்தால் அழுகை வந்தது. யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் எப்போதோ போய்விட்டது.

இராமநாதபுரத்தில் பஸ் பிடித்து, திருப்புல்லாணி தாண்டி, கீழக்கரையில் இறங்கினாள். பட்டப்பகல். சந்துப் பக்கம் திரும்பவில்லை. பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெரு நடுவில் நேராக நடந்தாள். தராசு பிடித்த கைகள் அப்படியே நின்றன. தனியாக வருகிறவளைப் பார்த்து ஊரே முடிவு கட்டிவிட்டது. சுலைகா வாசலுக்கே ஓடிவந்து கட்டிப்பிடித்து ஓலமிட்டாள். "யா அல்லாஹ்! அண்ணனுக்கு என்ன ஆச்சு லாத்தா? கடல்லயே போயிட்டாகளா?"

லத்தீபா பெட்டியை இறக்கி வைத்தாள்.

"அழுகாத புள்ள. அவருக்கு ஒரு குறையும் இல்ல. மூச்சு வாங்கல, தொந்தி கரைஞ்சிருச்சு, ஆளு எளந்தாரியா இருக்காரு. நாந்தான் நடக்க வச்சு, தேத்தி, இன்னொருத்திக்குக் கட்டிக்குடுத்துட்டு வாரேன்."